உயிரோடு இருந்தவளுக்கு ஒரு விரதம்

அப்பா,

இன்று சித்திரா பௌர்ணமி. காலையில் கோயிலுக்குப் போயிருந்தேன். மடைப்பள்ளிப் பக்கம் பெரிய அண்டாவில் சித்திரைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பச்சரிசி, பயறு, கடைசியில் ஊற்றும் தேங்காய்ப்பால். அந்த மணம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. வரிசையில் நின்றேன். தொண்டு செய்கிற பெண் குவளையில் ஊற்றி நீட்டினாள். வாயருகே கொண்டுபோனேன், குடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தேன். அப்போதே இதை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டில் இந்த நாளுக்கு இருந்த மரியாதை தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை. ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. அம்மாவை இழந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பிடிக்கிற விரதம். நீங்கள் விடியலிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலில் நிற்பீர்கள். மத்தியானம் என் அம்மா சமைத்ததைக் காகத்துக்கு வைத்த பிறகுதான் உங்கள் இலையில் சோறு விழும். ஒருமுறை, நான் சின்னப் பிள்ளை, ஏன் இவ்வளவு பட்டினி என்று கேட்டேன்.

"என்ரை அம்மாவின்ரை முகம் எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை. முகத்தை மறந்திட்டன். விரதத்தையும் மறந்தால் பிறகு என்ன மிஞ்சும்?" என்றீர்கள்.

நான் அழுதேன். உங்கள் இலையிலிருந்து ஒரு பிடி எனக்கு ஊட்டினீர்கள். இன்று குவளையைக் கைமாற்றிவிட்டு வந்தது அந்த ஒரு பிடி சோற்றை நினைத்துத்தான்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த குடும்பக் கதை எனக்கு இன்றும் மனப்பாடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தார். ஆங்கிலம் படித்தவர். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரைக்குக் கீழே கிராணி வேலை, கணக்கெழுதுகிற உத்தியோகம். ஊரிலிருந்து அப்பம்மாவைக் கலியாணம் செய்து கூட்டிவந்தார். நீங்கள் பிறந்தீர்கள். உங்களுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பம்மாவை மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அப்பப்பா மனமுடைந்து உங்களை ஈப்போவில் இருந்த தன் தங்கையிடம், நீங்கள் மாமி என்று கூப்பிட்டவரிடம், விட்டுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். அங்கேயே காலமானார். மாமிதான் உங்களை வளர்த்தார், படிக்கவைத்தார், ரயில்வேயில் சேர்த்துவிட்டார்.

இந்தக் கதையில் கப்பலும் தோட்டமும் கிராணி வேலையும் உண்மை. நீங்கள் பிறந்ததும் உண்மை.

நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு நாம் இருவரும் பீடோருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அப்பப்பா இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். முதலில் மழுப்பினீர்கள். பிறகு திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, போவம்" என்றீர்கள். என் பழைய காரில் போனோம். பீடோர் டவுன் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பச் சொன்னீர்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்திருந்தது. ஒரு மேட்டில் கூரை சரிந்த பழைய ஆபீஸ் கட்டடம். "இதிலைதான் ஐயா இருந்தவர். அந்த யன்னலுக்குப் பக்கத்திலை மேசை. பின்னாலை கிராணி வீடு" என்று கை நீட்டிக் காட்டினீர்கள். உங்கள் கண் நிறைந்திருந்தது. நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன். உடைந்து கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் பொறுக்கி வந்து வரவேற்பறை அலமாரியில் வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். எங்கள் அப்பப்பா வீட்டு ஓடு என்பேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து "அது இல்லை பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம்.

போன வருடம் மெல்பர்னிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு கேட்கிறார்களாம். "அத்தை, அந்தத் தோட்டத்தோட போட்டோ எடுத்து அனுப்பறீங்களா?" என்றாள். அவள் பேசும் தமிழ் இப்படித்தான். யாழ்ப்பாணமும் இல்லை, ஈப்போவும் இல்லை. சரி என்று நானே காரோட்டிப் போனேன். அந்தக் கட்டடத்தில் கூரையே இல்லை. பக்கத்துக் கொட்டகையில் காவலுக்கு இருந்த பெரியவர் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்த இடம்தானே என்று கேட்டேன்.

"இங்க ஏதும்மா யாழ்ப்பாணத்தாரு? எங்க அப்பா காலத்திலேர்ந்து நாங்க இங்கதான். இந்தத் தோட்டத்துல மலையாளத்துக் கிராணிங்கதான் இருந்தாங்க. யாழ்ப்பாணத்துக் கிராணின்னா ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க மாரியம்மன் கோயிலு இருக்கு, இன்னிக்குத் திருவிழா கூட. போய்க் கேட்டுப் பாருங்க லா."

உங்களுக்கு வயதானதில் இடம் தடுமாறியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். உங்கள் மேல் பரிதாபம்கூட வந்தது. எவ்வளவு தூரம் வந்து, தவறான சுவருக்கு முன்னால் அழுதுவிட்டுப் போனாரே மனிதர் என்று.

ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் இடிந்து காடாகியிருந்தன. கோயில் மட்டும் புதுச் சுண்ணாம்போடு நின்றது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகிறார்கள். தைப்பிங், கிள்ளான், ஜொகூர் என்று கார்கள் வரிசையாக நின்றன. பந்தலில் அன்னதானம். வயதான ஓர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். நான் அருகே போனதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

உங்கள் பெயரைச் சொன்னேன். ரயில்வேயில் இருந்தவர் என்றேன். அப்பப்பா இங்கே கிராணியாக இருந்ததாக யாரோ சொன்னார்கள் என்றேன்.

அவர் கையிலிருந்த விசிறி மடியில் விழுந்தது. "மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன். அப்படியே எங்கம்மா மூஞ்சி. அண்ணன் ஒன்னத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு, டிஸ்பென்சரில வேல செய்யிற பொண்ணுன்னு." என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஒக்காரு. மொதல்ல சாப்புடு."

அவர் பெயர் பாக்கியம். உங்கள் தங்கை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. விலாசத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதையை அவர்தான் சொன்னார். உங்கள் தாயின் வாயிலிருந்து அவர் கேட்டபடி சொன்னார். நானும் அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கேளுங்கள். எனக்குச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பம்மாவின் பெயர் அஞ்சலை. யாழ்ப்பாணத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கங்காணி ஒருவன் ஊருக்கு வந்து தோட்டத்துக்கு ஆள் கட்டியபோது, தாய் தகப்பனோடு தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பிள்ளை. பினாங்கில் இறங்கி, நோய்க்குப் பயந்து பக்கத்துத் தீவில் அடைத்துவைத்த கொட்டகையில் கிடந்து, பிறகு ரயிலில் ஏற்றி இந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் தகப்பனுக்குக் காய்ச்சல் வந்து செத்தார். அடுத்துத் தாய். அஞ்சலை முதலில் புல் வெட்டினாள். கை எட்டுகிற உயரம் வந்ததும் ரப்பர் பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்டக் கொடுத்தார்கள். விடியும் முன்னே ஆபீஸ் வாசலில் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பெயர் கூப்பிடுவார். வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும் போட்ட இளவட்டக் கிராணி. அவர்தான் என் அப்பப்பா.

அவருக்கும் மலைக்காய்ச்சல் வந்தது. சமையல்காரன் பயந்து ஓடிவிட்டான். நாதியற்ற பெண்தானே என்று கங்காணி அஞ்சலையைக் கிராணி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அவள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், நெற்றியில் துணி போட்டாள். காய்ச்சல் விட்டது; அவளை அவர் திருப்பி அனுப்பவில்லை. வருடக்கணக்கில் அந்த வீட்டில் வாழ்ந்தாள். தாலி இல்லை. லயத்தில் இருந்தவர்கள் முகத்துக்கு நேரே "கிராணியம்மா" என்பார்களாம், முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்களாம்.

"அவரு எங்கம்மாவ அடிச்சதில்ல, திட்டுனதில்ல," என்றார் பாக்கியம். "எழுதப் படிக்கக்கூடக் கத்துக் குடுத்தாராம். அதனாலதான் அம்மாவுக்கு ஆறவே இல்ல. கெட்டவனா இருந்திருந்தா மறந்திருக்கலாம்னு சொல்லும்."

நீங்கள் பிறந்தீர்கள். பெயர் வைத்தது அஞ்சலை. தன் செத்துப்போன தகப்பனின் பெயர் அது. நம் சொந்தக்காரர்கள் வீட்டில் யாருக்குமே இல்லாத பெயராக இருக்கிறதே என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். 'சாத்திரியார் பார்த்து வைச்ச பேர்' என்பீர்கள்.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பெண் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பப்பா அஞ்சலையிடம் அதைச் சொல்லவில்லை. "பிள்ளையை ஒருக்கா ஈப்போவுக்குக் கொண்டுபோய்த் தங்கச்சிக்குக் காட்டிப்போட்டு வாறன்" என்றார். அவள் உங்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டு, வண்டி வரைக்கும் தூக்கி வந்து ஏற்றிவிட்டாள். நீங்கள் கையை ஆட்டிக்கொண்டே போனீர்களாம்.

வண்டி திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் வேறு கிராணி வந்து இறங்கினான். அஞ்சலையின் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்தார்கள். பழைய லயத்தில் ஒரு மூலை கிடைத்தது. மறுபடியும் அதே பெரட்டு. புதியவன் அவள் பெயரைக் கூப்பிட்டான்.

தெரிந்தவர் ஒருவரிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் ஈப்போவுக்கு வந்தாள். உங்கள் மாமி வீட்டு வாசலில் நின்றாள். மாமி கேட்டைத் திறக்கவில்லை.

"பிள்ளை செத்துப்போச்சு. காய்ச்சல். ரெண்டு நாளிலை முடிஞ்சுது. இனி இஞ்சை வராதை," என்றார் மாமி.

யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பாக்கியம் அப்படியே பேசிக் காட்டினார். அவருக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழ் அது மட்டும்தான். அம்மா சொல்லிச் சொல்லிக் காதில் தங்கிவிட்டதாம்.

மாமி உள்ளே வந்து உங்களிடம் அம்மா செத்துப்போனாள் என்றார். வெளியே அவளிடம் பிள்ளை செத்துப்போனான் என்றார். அந்த வீட்டைத்தான் நான் சிறு வயதில் விடுமுறை வந்தால் ஓடிப்போய்க் கொண்டாடினேன். அந்தக் கேட்டில் ஏறி ஊஞ்சலாடியிருக்கிறேன்.

இது வரைக்கும் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அப்பா. நீங்கள் மூன்று வயதுப் பிள்ளை. இதைக் கேட்டபோது உங்களுக்காகத்தான் முதலில் அழுதேன். பாக்கியம் என்னை அழவிட்டு, பிறகு மீதியைச் சொன்னார்.

அஞ்சலை பிறகு ஒருவரை முறையாகக் கட்டிக்கொண்டு கமுந்திங் வந்தாள். பாக்கியமும் ஒரு தம்பியும் பிறந்தார்கள். ஜப்பான்காரன் போனதற்கப்புறம் ஒருநாள் பாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தைப்பிங் ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுக்கப் போனாள். கூண்டுக்குள் இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்த வெள்ளைச் சட்டைக் கிராணியின் அதே நெற்றி, அதே மூக்கு. அவள் டிக்கெட் கேட்கவில்லை.

"ஒன் பேரென்னய்யா?" என்றாள்.

நீங்கள் எரிச்சலோடு சொன்னீர்களாம்.

"அந்தப் பேர நாந்தான்யா வெச்சேன்."

பின்னால் வரிசை நின்றது. நீங்கள், "எனக்கு அம்மா இல்லை. தள்ளி நில்லுங்கோ" என்றீர்கள். "கமுந்திங்குல அஞ்சலைன்னு கேளுய்யா" என்று சொல்லிவிட்டு அவள் தள்ளி நின்றாள். ஆனால் அடுத்த வாரமே சைக்கிள் மிதித்துக்கொண்டு கமுந்திங் முழுக்க விசாரித்து வந்து சேர்ந்தீர்கள். மாமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தீர்களா என்று தெரியவில்லை. வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டீர்களாம்.

அன்றிலிருந்து மாதாமாதம் போனீர்கள். கலியாணம் ஆன பிறகும், நாங்கள் பிறந்த பிறகும் போனீர்கள். "தைப்பிங்கிலை சங்கக் கூட்டம்" என்று எங்களிடம் சொன்னது அதற்குத்தான். திரும்பி வரும்போது ரம்புத்தானோ கடலை உருண்டையோ பேப்பரில் கட்டிக் கொண்டுவருவீர்கள். யார் தந்தது என்று கேட்டால், கூட வேலை செய்கிறவர் வீட்டில் தந்தார்கள் என்பீர்கள். அவள் கையால் பிடித்த உருண்டையை அவள் யாரென்றே தெரியாமல் நான் தின்றிருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியவில்லை. கேட்க அவரும் இல்லை.

பாக்கியம் சொன்னதில் என்னை அதிகம் சுட்டது வேறு ஒன்று. "இங்க வந்தா அண்ணன் எங்கள மாதிரிதான் பேசுவாரு. உள்ள நுழையும்போதே, ஆத்தா பசிக்குதுத்தா, என்னா கொழம்புன்னு கேட்டுக்கிட்டேதான் வருவாரு" என்றார்.

உங்களுக்கு அந்தப் பேச்சு வருமா, அப்பா? நான் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு வந்து "போலாம்" என்றால், "போவம் எண்டு சொல்லு, தோட்டத்துக் கதை இஞ்சை வேண்டாம்" என்று நாக்கைத் திருத்தினீர்களே. ஆத்தா என்று நீங்கள் கூப்பிட்டதை ஒருமுறை கேட்கக் கிடைத்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும்.

கமுந்திங்கில் அவள் உங்களுக்குச் சோறு போட்டாள். ஈப்போவில் நீங்கள் அவளுக்காகப் பட்டினி கிடந்தீர்கள். உயிரோடு இருந்தவளுக்கு, வருடா வருடம், எங்கள் எல்லோரையும் கைகூப்பி நிற்கவைத்து.

இனி தனபாலைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் இருந்தவரை அந்தப் பெயரை நான் வீட்டில் இரண்டாவது முறை சொன்னதில்லை.

நான் டிஸ்பென்சரியில் இருந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார்; நாங்கள் ஒருவரையொருவர் விரும்பினோம். லகாட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா மரம் வெட்டிப் படிக்கவைத்தார். முறைப்படி பெண் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாள் தட்டில் வெற்றிலை, பழம், பூ எடுத்துக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் கேட் வரைக்கும் போனீர்கள். திறக்கவில்லை. நான் சன்னலில் நின்று பார்த்தேன்.

"உங்கடை பிள்ளை நல்ல பிள்ளையாய் இருக்கலாம். அதிலை எனக்கு ஒரு கதையும் இல்லை. ஆனால் உங்கடை ஆக்கள் வேறை, எங்கடை ஆக்கள் வேறை. எங்கடை குடும்பத்திலை தோட்டத்து ரத்தம் கலந்ததில்லை. கலக்கவும் விடமாட்டன்."

அந்த அம்மாள் தட்டின் மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

நான் உங்களோடு சண்டை போட்டேன். "என்னை நம்பு பிள்ளை. வேரைப் பாக்காமல் மரம் நடக்கூடாது. எங்கடை வேர் எனக்குத் தெரியும்" என்றீர்கள். நம்பினேன். மறுபடியும் சொல்கிறேன், நம்பினேன். பயந்து அடங்கவில்லை, நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று நம்பி அடங்கினேன்.

நீங்கள் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவர் நல்லவர். இங்கே அதைச் சொல்லாமல் விட்டால் அது அவருக்கு நான் செய்யும் துரோகம். அவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாழ்க்கை பொய்யைச் சொல்லி எனக்குக் கொடுக்கப்பட்டது. தனபால் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அவருடைய அம்மா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் பாக்கியத்திடம் சொன்னேன். கமுந்திங் வீட்டு முன்னறையில், மின்விசிறி சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு வெக்கமா இல்லியா? தன்னோட அம்மா வாசல்ல நின்ன மாதிரியே இன்னொரு அம்மாவ நிக்க வெச்சாரே!" என் வாயிலிருந்து அந்தப் பேச்சு தானாக வந்தது.

பாக்கியம் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். பிறகு, "எனக்குத் தெரியும் கண்ணு. அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்" என்றார்.

தனபாலின் அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே மாதம் நீங்கள் கமுந்திங் போயிருக்கிறீர்கள். வழக்கம்போலச் சோறு போட்டாள் அஞ்சலை. சாப்பிட்டுக்கொண்டே நீங்களாகவே சொன்னீர்களாம். மனசு உறுத்தியதா, பெருமையா, தெரியவில்லை. மகளுக்கு ஒரு தோட்டத்துப் பையன் கேட்டு வந்தான், சரிப்படாது என்று அனுப்பிவிட்டேன் என்றீர்கள்.

"ஏன்யா சரிப்படாது?" என்று கேட்டாள் அஞ்சலை.

நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பாக்கியத்துக்கு வாய் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கேட்டில் நின்று என்ன சொன்னீர்கள் என்று எனக்குத்தான் தெரியுமே.

அஞ்சலை எழுந்தாளாம். நீங்கள் பாதி சாப்பிட்டிருந்த தட்டை உங்கள் கைக்குக் கீழிருந்து எடுத்தாளாம். "எந்திரி" என்றாளாம். "அந்தப் பொண்ண நான் பாத்ததில்ல. பாக்கவும் விடமாட்ட. இருக்கட்டும். நான் செத்துட்டேன்னு நீ ஊருக்கெல்லாம் சொன்னப்ப, எம்புள்ளக்கி நல்லதுன்னா நான் செத்தவளாவே இருந்துக்கறேன்னுதான் கெடந்தேன். இப்ப என்ன மறைக்கிறதுக்காக அவ வாழ்க்கைய மறிச்சிட்ட. இனிமே நெஜமாவே எனக்கு நீ இல்ல. எந்திரி."

நீங்கள் எழுந்து வாசலுக்குப் போனீர்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகும் நீங்கள் பலமுறை போனீர்கள். அவள் திறக்கவே இல்லை. பாக்கியம் கெஞ்சியும் கேட்கவில்லை. சில வருடம் கழித்து அவள் இறந்தபோது, மூத்த மகன் என்று கொள்ளி வைக்க வந்து நின்றீர்கள். "அம்மா சொல்லிட்டுப் போயிருச்சுண்ணே, நீங்க வேணாம்னு" என்றாராம் உங்கள் தம்பி. நீங்கள் சுடுகாட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினீர்கள். அந்த வருடத்திலிருந்துதான் உங்கள் விரதம் உண்மையாகியிருக்கிறது. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே வேட்டி, அதே பட்டினி.

நீங்கள் இறந்ததைப் பாக்கியமும் உங்கள் தம்பியும் பேப்பரில் பார்த்தார்களாம். வரவில்லை. "யாரும் கூப்புடலியே கண்ணு, எந்த மொறையில வந்து நிக்கிறது?" என்றார் பாக்கியம்.

மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு அது வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளையாக வண்டியில் கையாட்டிப் போன உங்களை நினைத்தால் நெஞ்சு கரைகிறது. கேட்டுக்கு முன்னால் நின்ற உங்களை நினைத்தால் இறுகுகிறது. இரண்டும் ஒருவர்தான். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மெல்பர்னில் இருக்கும் அண்ணன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவங்க பேர திரும்பச் சொல்லுங்க" என்றாள். அஞ்சலை என்றேன். அவள் பிள்ளைகள் பின்னால் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பாக்கியத்தை நான் மாமி என்று கூப்பிடுவதா என்று முதலில் தயங்கினேன். நம் வீட்டு முறை அதுதானே. "அத்தைன்னே கூப்புடு, அதான் எனக்குப் புரியும்" என்றார். அப்படியே கூப்பிடுகிறேன். மாதம் ஒருமுறை கமுந்திங் போகிறேன். போகும்போது எங்கே போகிறேன் என்று பக்கத்து வீட்டாரிடம் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் வாழ்நாள் முழுக்க எனக்காக நின்றவர் நீங்கள் என்றுதான் எண்ணியிருந்தேன், அப்பா. அது போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது வேறொன்று இருக்கிறது. தன் மூத்த பிள்ளையை ஒருமுறை பறிகொடுத்து, பட்ட பாடெல்லாம் பட்டு மீட்டெடுத்த ஒருத்தி, முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று, அந்தப் பிள்ளையைத் தானே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு ஈப்போவில் நான் ஒருத்தருமே என் பக்கம் இல்லை என்று அறைக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

உங்கள் மகள்,
அஞ்சலையின் பேத்தி